இரண்டு விரலுக்கு முப்பதாயிரம், கூடவே ஒரு கையெழுத்து

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மெஷின் புரைகளில் (ரோலர் போட்ட கொட்டகைகளில்) ரப்பர் ஷீட் அடிக்கப் போகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தர் ஏமாறக் கூடாது.

2022 டிசம்பரில் என் வலது கை ரோலரில் மாட்டியது. உறைந்த ரப்பர் பாலைக் கையால்தான் உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும். கை போகாமல் தடுக்க ரோலருக்கு முன்னால் ஒரு தகடு இருந்தது, வேலை சீக்கிரம் ஓடவில்லை என்று முதலாளியே அதைக் கழற்றி வைத்திருந்தார். சுவிட்ச் எதிர்ச் சுவரில். கூட நின்றவன் ஓடிப்போய் அணைப்பதற்குள் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம் என்றேன். "அங்க கூட்டமா இருக்கும் மக்களே, நான் பாத்துக்கிடுதேன்" என்று தன் காரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்போது அவரைத் தெய்வமாகத்தான் நினைத்தேன். சேர்க்கும்போது அவர் சொல்லி எழுத வைத்தது என்ன தெரியுமா, வீட்டுக் கிரைண்டரில் கை மாட்டியது என்று! டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. போலீசுக்குத் தகவல் போகவில்லை, ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) இல்லை.

பில்லை அவர்தான் கட்டினார், அதை மறைக்கவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து முப்பதாயிரம் ரூபாயை மனைவி கையில் கொடுத்துவிட்டு, ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அதில் இருந்தது. வலது கை கட்டில் இருந்ததால் இடது கைப் பெருவிரலை வைத்தேன். கை ஆறியதும் திரும்ப வேலை தருவதாகச் சொன்னார், அதை நம்பித்தான் வைத்தேன். கை ஆறி வேலை கேட்டுப் போனபோது "நீ கவனமில்லாம நின்னதுக்கு நான் என்ன செய்ய" என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம், ஓணம் கழியட்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் ஒரு அண்ணன் சொல்லித்தான் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவிக்குப் போனேன். அங்கே வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டியதும் மனைவி அழுதுவிட்டாள். எங்கள் புரையில் ஆறு பேர்தான் வேலை, அதனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது, எனக்குப் பொருந்தியது 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதில் ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கிற திறனில் 20 சதவீத இழப்பு. மாதச் சம்பளம் 15,000 வரை கணக்கில் எடுத்தார்கள், அதில் 60 சதவீதம், அதை வயதுக்கு ஏற்பச் சட்டத்தில் போட்டிருந்த எண்ணால் பெருக்கி, அதில் அந்த 20 சதவீதத்தை எடுக்க வேண்டும். எனக்கு அப்போது 35 வயது, எண் 197.06. கிட்டத்தட்ட 3,54,700 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு இதில் சேராது, அதை முதலாளி தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு.

உரிமையை விட்டுக் கொடுத்து எழுதி வாங்கிய தாள் அந்தச் சட்டப்படி செல்லாது என்றும் வக்கீல்தான் சொன்னார். கவனமில்லாமல் நின்றாய் என்பதும் தப்பிக்கிற காரணம் ஆகாது. ஆனால் அந்தச் சட்டப்படி விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது. எனக்கு மிச்சம் இருந்தது ஐந்து வாரம்.

கூலி கையில் வாங்கியதால் அங்கே வேலை செய்ததற்கே சீட்டு இல்லை. "நாளைக்கு ரோலருக்கு நேரத்தே வா" என்று முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள்தான் இப்போது என் ஆதாரம், தயவுசெய்து அப்படி எதையும் அழிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும், எந்த மெஷினில், எந்த இடத்தில் அடிபட்டது என்பதை உங்கள் வாயாலேயே டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

கேஸ் நடக்கிறது. அந்த ரோலர் இன்னும் தகடு இல்லாமல்தான் ஓடுகிறது, என் இடத்தில் நிற்கிற பையனுக்கு வயது பத்தொன்பது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் என் கையைக் காட்டி இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.