கரண்ட் போவதற்குள் முடியும் ஹீ-மேன்

2022 மார்ச் கடைசியில் இலங்கையெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டில் எந்த ஹீ-மேன் கார்ட்டூனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்ற கேள்வி வந்தது. ஹட்டனுக்கு மேலே மலையில் இருக்கிறோம். மழை பிடித்தால் டிஷ் வேலை செய்யாது, மூடுபனி இறங்கினால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. கரண்ட் இருக்கும் நேரத்தில் கைப்பேசிக்கு மின்னேற்றி, பார்ப்பதற்கு ஏதாவது இறக்கி வைத்துக்கொண்டால்தான் இருட்டில் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற நிலை. மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு ஐந்து.

எனக்கு அந்த வயதில் உயிராக இருந்தவன் ஹீ-மேன். அவனையே இறக்கலாம் என்று தேடினால் அவன் ஒருவனாக இல்லை. 1983இல் ஃபில்மேஷன் நிறுவனம் எடுத்த பழைய தொடர், 130 அங்கங்கள். 1990இல் அவனை விண்வெளிக்கு அனுப்பிய ஒன்று. அதை யாரும் பாசத்தோடு நினைத்துப் பேசி நான் கேட்டதில்லை. 2002இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த மறுபிறப்பு, 39 அங்கங்கள். பிறகு 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் ஒரே வருடத்தில் இரண்டு: கெவின் ஸ்மித் பொறுப்பில் வந்த ‘ரெவலேஷன்’, சின்னப் பிள்ளைகளுக்கான கணினி வரைகலைத் தொடர். இவற்றோடு அவனுடைய இரட்டைச் சகோதரி ஷீ-ராவையும் சேர்த்தால் 1985இல் ஒன்று, 2018இல் ஒன்று. இவற்றில் எதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது?

என் பதில் பழையது. ஏக்கத்தால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏக்கமும் உண்டுதான், ஆனால் தீர்ப்பை முடிவுசெய்தது வேறொன்று.

முதலில் சட்டென்று தாண்டிவிட வேண்டியவை. படம் புதியவற்றில்தான் அழகு, அதில் வாதமே இல்லை. குரலும் அப்படித்தான், ‘ரெவலேஷ’னில் ஹீ-மேனின் எதிரி ஸ்கெலட்டருக்கு மார்க் ஹாமில் பேசியிருக்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கலாம். பழைய தொடர் மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளுக்கு எடுத்த நீண்ட விளம்பரம் என்பார்கள். உண்மைதான், பொம்மை 1982இல் வந்தது, கார்ட்டூன் அடுத்த வருடம். ஆனால் அந்தப் பொம்மை எங்கள் மலைக்கு ஏறி வரவே இல்லை. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிதான் எங்களுக்கு வாள். கோணலாக இருக்கும், ஆனால் இரும்பு மாதிரி உறுதி. விளம்பரம் எங்களிடம் பலிக்கவில்லை.

பழையதைக் கேலி செய்பவர்கள் எடுத்தவுடன் சொல்வது, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்பது. ஹீ-மேன் ஓடுவது, பாறையைத் தூக்குவது, நம் முகத்துக்கு நேரே குத்து விடுவது எல்லாம் ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு அங்கத்துக்கு அங்கம் ஒட்டியவை. ஃபில்மேஷனுக்கு வேறு வழியில்லை. வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் அமெரிக்காவிலேயே செய்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓட ஒரு பருவத்துக்கு 65 அங்கங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் குறையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க நான் தயாராக இருந்தேன். ஆனால் மூன்றாவது அங்கத்திலேயே மகன் படத்தை முந்திக்கொண்டு போகத் தொடங்கிவிட்டான். ஆடம் இளவரசன் ஹீ-மேனாக மாற வாளை உயர்த்துவதற்கு முன்பே இவன் கையில் அகப்பை உயர்ந்துவிடும். “இப்போது பூனை பயப்படும்,” என்பான். கிரிஞ்சர் நடுங்கும். “இப்போது புலி ஆகும்.” ஆகும். தான் சொன்னபடியே உலகம் நடக்கிறது என்ற பெருமை அவன் முகத்தில் தெரியும்.

காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாசி மாதத்தில் ரதியும் மதனும் ஒவ்வொரு வருடமும் அதே நடையில், அதே தப்பு அடிக்குத்தான் வந்து ஆடுகிறார்கள். போன வருடமும் இதே மாதிரிதானே ஆடினார்கள் என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோன ஒருவரை நான் பார்த்ததில்லை.

இனி எனக்குத் தீர்ப்பாக அமைந்த விஷயம். ஓர் அங்கம் தன் கதையைத் தானே முடித்துக்கொள்கிறதா, இல்லையா?

பழைய ஹீ-மேனில் எல்லாம் இருபது நிமிடச் சொச்சத்தில் அடங்கிவிடும். ஸ்கெலட்டர் ஒரு திட்டம் போடுவான், அது கெட்டுப்போகும், எல்லாரும் சிரிப்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர் வந்து, பொய் சொல்லாதே, நண்பனை ஏமாற்றாதே என்று இரண்டு வரி புத்தி சொல்லிவிட்டுப் போவார். அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்ற தொடர் இது. இன்று பார்த்த பிள்ளை நாளை பார்க்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் எந்த அங்கத்திலிருந்தும் தொடங்கலாம், எதை விட்டாலும் நட்டமில்லை.

இதன் அருமை கரண்ட் தடையில்லாமல் வரும் வீட்டில் தெரியாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் டிவி பார்க்கத் தொடங்கிய காலத்தில் அது 12 வோல்ட் கறுப்பு வெள்ளைப் பெட்டி, லொறி பேட்டரியில் ஓடும். பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வர வேண்டும். சார்ஜ் இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் உள்ளே சுருங்கும். முதலில் ஓரம் கறுக்கும், பிறகு ஆட்களின் தலை போகும், கடைசியில் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஏதோ மினுங்கும். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்காக இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் பேசவைத்த டாக்டர் டூலிட்டில் கார்ட்டூனை நான் பாதி நாள் அந்த உள்ளங்கை அளவில்தான் பார்த்தேன். ஹீ-மேனைப் பார்த்தது டவுனில் மாமா வீட்டு வீடியோ கேசட்டில். அங்கே கரண்ட் இருந்தது, ஆனால் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு அங்கம், கூடிப்போனால் மூன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல் விளங்கவில்லை, கதை முழுக்க விளங்கியது. பஸ்ஸில் திரும்பும்போது மனதில் பாக்கி எதுவும் இருக்காது.

2022இல் பேட்டரி கைப்பேசிக்குள் வந்திருந்தது, மற்றபடி அதே கதைதான். முதலில் நான் காட்டியது ‘ரெவலேஷன்’. புதியது, படம் பளிச்சென்று இருக்கிறதே என்ற ஆசை. முதல் அங்கத்தின் முடிவிலேயே ஆடம் தன் உயிரைக் கொடுத்துவிடுகிறான். ஸ்கெலட்டரும் சேர்ந்து போகிறான். ஆடமின் தோழி டீலா, ஆடம்தான் ஹீ-மேன் என்ற உண்மையை இத்தனை காலம் தன்னிடம் மறைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் அரண்மனையை விட்டே வெளியேறுகிறாள். அங்கம் முடிந்தபோது கைப்பேசியில் நான்கு சதவீதம். மகன் என்னைப் பார்த்தான், பிறகு என் அம்மாவைப் பார்த்தான்.

“அப்பாயி, அவன் செத்துவிட்டானா?”

“காமனையும்தான் எரிக்கிறார்கள், பிறகு எழுப்புகிறார்கள் அல்லவா? இவனையும் எழுப்புவார்கள்,” என்றார் அம்மா.

“எப்போது?”

அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கைப்பேசி அணைந்தது. அன்றிரவு அவன் தூங்கியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. மறுநாள் கரண்ட் வந்ததும் நான் ‘ரெவலேஷ’னை அழித்துவிட்டுப் பழையதை இறக்கினேன்.

‘ரெவலேஷன்’ மோசமான தொடர் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் தனியாக அந்தப் பத்து அங்கங்களையும் பார்த்தேன், எனக்குப் பிடித்தது. அது என் வயதுக்காரர்களுக்கு எடுத்தது. பழைய தொடரில் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை அது கேட்கிறது: பக்கத்திலேயே இருக்கும் டீலாவிடம் எதற்காக இத்தனை காலம் பொய்? பழைய தொடரில் ‘டீலாவின் தேடல்’ என்று ஓர் அங்கம் உண்டு. கிரேஸ்கல் கோட்டையின் மந்திரக்காரிதான் தன் தாய் என்று டீலா அதில் தெரிந்துகொள்கிறாள். அங்கம் முடிவதற்குள் தாயே அந்த நினைவை மகளிடமிருந்து அழித்துவிடுகிறாள். ஏனென்றால் நாளை வரும் அங்கத்தில் எல்லாம் பழையபடி இருந்தாக வேண்டும். சின்ன வயதில் அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது மகளோடு பார்த்தபோது அவள், “அப்பா, அது அநியாயம்,” என்றாள். ஒவ்வோர் அங்கத்தையும் கச்சிதமாக மூடுவதற்குக் கொடுத்த விலை அது. கொஞ்சம் கொடூரமான விலைதான்.

ஆனாலும் தொடர்கதையாக எடுப்பவர்கள் கொடுக்கும் விலை இன்னும் பெரியது. தொடர்கதை என்றால் அதை யாராவது கடைசிவரை பராமரிக்க வேண்டும். 2002 ஹீ-மேன் நல்ல தொடர். பழைய பாத்திரங்களுக்கு முன்கதை கொடுத்து, இரண்டாவது பருவத்தில் பாம்பு மனிதர்களைக் கொண்டுவந்து, அடுத்து ஹோர்டாக் என்ற வில்லன் வருகிறான் என்று ஆசை காட்டி, 39ஆவது அங்கத்தோடு நின்றுவிட்டது. தண்டர்கேட்ஸ் என்ற இன்னொரு கார்ட்டூனின் கதையும் அதுதான். 1985இல் வந்தது 130 அங்கங்கள், ஏறக்குறைய எதையும் தனியாகப் பார்க்கலாம். 2011இல் திரும்ப எடுத்தார்கள். படம் அசத்தல், லயன்-ஓவும் டைக்ராவும் அண்ணன் தம்பிப் போட்டியில் உரசுவது அருமை. 26 அங்கங்கள், ஒரே பருவம், பாதிக் கதையில் கடை பூட்டியாயிற்று. எங்கள் பக்கத்தில் ஓர் ஓடைக்குப் பாலம் கட்டத் தொடங்கி இரண்டு தூணோடு விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பழைய பலகை மேல் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். 2011 தண்டர்கேட்ஸை நினைத்தால் எனக்கு அந்தத் தூண்கள்தான் ஞாபகம் வருகின்றன.

கணினி வரைகலை ஹீ-மேனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 26 அங்கங்களில் நான்கைத்தான் பார்த்தேன். சக்தி ஹீ-மேனுக்கு மட்டும் இல்லாமல் கூட்டாளிகளுக்கும் பங்குபோகிறது, அது நல்ல யோசனை. மகன் அதை ஒரு வாரம் கேட்டான், பிறகு மறந்துவிட்டான். வேறு வீட்டில் வேறு மாதிரி நடக்கலாம்.

2018 ஷீ-ராவை விதிவிலக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஐந்து பருவங்கள், 52 அங்கங்கள், 2020இல் உருப்படியாக முடித்துவிட்டார்கள். ஷீ-ராவாக மாறும் அடோராவும் அவள் தோழி கேட்ராவும் ஒன்றாக வளர்ந்து எதிரிகளாகும் அந்தக் கதையை அங்கம் அங்கமாகப் பிய்த்துப் பார்க்க முடியாது. வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். எட்டு வயதில் என் மகளுக்கு அது பிடிக்கவில்லை. பத்து வயது தாண்டியதும் அவளாகவே தேடிப் போனாள். ஒரு தோழியோடு பேச்சு நின்றிருந்த சமயம் அது. கேட்ரா செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று என்னிடம் அரை மணி நேரம் வாதாடினாள். பழைய ஷீ-ரா 93 அங்கங்கள் ஓடியும் ஓர் எதிரிக்காக இப்படி யாரும் வாதாடியதை நான் கண்டதில்லை. நானே கடைசிப் பருவத்தை இன்னும் முடிக்கவில்லை, முடிவைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

ஆகவே பிள்ளைக்கு ஐந்து, ஆறு, ஏழு வயது, கரண்டும் கைப்பேசி ரீலோடும் எப்போது தீரும் என்று தெரியாத வீடு என்றால், கண்ணை மூடிக்கொண்டு 1983. யூடியூபிலேயே அங்கங்கள் கிடைக்கின்றன. வரிசை பார்க்காமல் ஐந்தாறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வயது ஏறி, கரண்டும் நிலையாக இருந்தால் 2018 ஷீ-ரா. ‘ரெவலேஷன்’ பெற்றோருக்கு, கதவைச் சாத்திவிட்டு.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசிக்கு இரண்டு கட்சி. மாலையில் தேநீரை ஆற்றிக்கொண்டே அம்மா கேட்பது ஒரே கேள்வி: “இன்றைக்குப் புலியா, குதிரையா?” பச்சைப் புலி என்றால் பேரனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அது பயந்து நடுங்கும் இடத்தில் அவனோடு சேர்ந்து சிரிப்பார். ஷீ-ராவின் சிறகுக் குதிரை என்றால், போன வாரம் என்ன நடந்தது என்று பேத்தியிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டு, ரேடியோவை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.