பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஒரு பங்க் டிரம்ஸ் வகுப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடைபெறும் டிரம்ஸ் வகுப்பில் என் மகனைச் சேர்த்திருந்தேன். நான்கு சனிக்கிழமைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தக் கட்டணம் 320 வெள்ளி. என் தந்தையார் செந்தூல் பக்கத்துக் கோயில்களில் தவில் வாசித்தவர். அந்த வீட்டுப் பேரன் பங்க் ராக் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையை வாசிக்கக் கிளம்பியதில் பெரியவர்களுக்கு வருத்தம் இருந்ததால், நான்கு வகுப்புகளிலும் பின்வரிசையில் அமர்ந்து கண்டிப்புடனேயே கவனித்தேன்.

நான்கு வகுப்புகளையும் மாஸ்டர் ஒரே கலைஞரின் வாழ்க்கையை வைத்து அமைத்திருக்கிறார். அவர் 1972இல் பிறந்த அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஜோஷ் ஃப்ரீஸ். தந்தை ஸ்டான் ஃப்ரீஸ் டியூபா என்னும் பெரிய ஊதுகருவியை வாசிக்கும் கலைஞர், டிஸ்னிலாந்து பேண்டை நடத்தியவர். தாயார் பியானோ வாசிப்பவர். தம்பி ஜேசன், கிரீன் டே என்னும் ராக் குழுவுடன் கீபோர்டும் சாக்சபோனும் வாசிக்கிறார். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, 12 வயதிலேயே டிஸ்னிலாந்தில் தொழில்முறையில் வாசித்த பிள்ளைதான் பதின்ம வயதிலேயே தி வாண்டல்ஸ் என்னும் பங்க் குழுவில் சேர்ந்தார் என்பதை முதல் வகுப்பில் கேட்டபோது, எங்கள் வீட்டுக் கதையை யாரோ வேறு ஊரில் வைத்துச் சொல்வதுபோல் இருந்தது.

கட்டணம் முழுவதும் இரண்டாம் வகுப்புக்கே தகும் என்பேன். பங்க் என்றால் ஓங்கி அடிப்பது என்று நினைத்து வந்த பிள்ளைகளிடம், மெட்ரோனோம் என்னும் தாளம் தட்டும் கருவியை நிமிடத்துக்கு 110 தட்டில் வைத்து, வாய்விட்டுத் "தகதிமி" சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்துக்கும் ஹை-ஹேட் என்னும் ஜோடித் தட்டுகளைத் தட்டி, "த"வில் காலால் பாஸ் டிரம்மையும் "தி"யில் ஸ்நேர் என்னும் சிறு டிரம்மையும் அடிக்கச் சொன்னார். பிசகாமல் வந்த பிறகே ஐந்தைந்தாக வேகம் கூட்டினார். 170ஐத் தாண்டியதும் என் மகனின் தோள் இறுகுவதைக் கண்டு, "தம்பி, தோளை விடு, மணிக்கட்டால வாசி" என்று மீண்டும் 140க்கு இறக்கினார். என் தந்தையாரும் இப்படித்தான் காலப்பிரமாணம் (வேகம் பிசகாமல் தாளம் காப்பது) கற்பித்தார்.

ஃப்ரீஸ் வாசித்த டீவோ என்னும் ராக் குழுவின் விறைப்பான தாளங்களைப் பற்றிய மூன்றாம் வகுப்பு அவசரமாக முடிந்தது. நான்காவதில் முன்பின் கேட்டிராத பாட்டுக்கு உடனே வாசிக்கும் பயிற்சி நடந்தது. பாடகர் ஸ்டிங் முதல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்னும் ராக் குழு வரை பலர் ஃப்ரீஸை அழைத்ததற்கு இத்திறனே காரணம் என்று மாஸ்டர் விளக்கினார். 2023இல் ஃபூ ஃபைட்டர்ஸ் என்னும் ராக் குழுவில் சேர்ந்த ஃப்ரீஸ் 2025 மே மாதம் நீக்கப்பட்டதையும், சில மாதங்களுக்குள் நைன் இஞ்ச் நெயில்ஸுக்குத் திரும்பியதையும் மாஸ்டர் மறைக்காமல் பேசியது, தொழிலின் நிலையாமை குறித்துக் கவலைப்படும் பெற்றோருக்கு அவசியமான நேர்மை.

குறைகளும் உண்டு. ஐந்து மாணவருக்கு ஒரே டிரம் செட். மற்றவர்கள் ரப்பர் பேடில் தட்டியபடி காத்திருக்க வேண்டும். அச்சிறு அறையின் ஓசைக்குக் காதடைப்பான் கட்டாயம் தேவை, ஆனால் அங்கே தருவதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது என்பதால் மோனோரயிலில் துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கி நடப்பதே மேல். அடுத்த நான்கு வாரங்களுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். இம்முறை தந்தையாரையும் ஒரு நாள் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.