வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்: வயர்கார்டு விபிஎன் அனுபவம்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் 2020 ஊரடங்கின்போது ஆரம்பித்த வீட்டு வேலை இன்னும் ஓயவில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கெடு நெருங்கினால் பாதிப் பேர் வீட்டில்தான். டேலியும் ஃபைல்களும் ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில். நடுவில் வயர்கார்டு, அதாவது இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மென்பொருள். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ரூட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல்) திறந்துவிட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை வீட்டுக்கு நேராக வந்துவிடும், எதற்கு விபிஎன் என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டை வழியாகப் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய முடிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வயர்கார்டோ, சரியான சாவி (ரகசியக் குறியீடு) இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு, அதாவது தகவல் துண்டுக்கு, பதிலே சொல்லாது. போர்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது.

நிஜமான தலைவலி விண்டோஸ் ஃபயர்வாலில். டனல் (விபிஎன் இணைப்பு) ஏறிவிடும், ரிமோட் டெஸ்க்டாப்பும் வரும், ஷேர்டு ஃபோல்டர் மட்டும் திறக்காது. ஆபீஸுக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஜோராகத் திறக்கும். உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு". தேவையே இல்லை. எங்களைப் போல டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத ஆபீஸில், ஃபயர்வாலின் ஃபைல் ஷேரிங் விதி அதே சப்நெட்டில், அதாவது அதே முகவரி வரிசையில், இருப்பவர்களை மட்டுமே அனுமதிக்கும். விபிஎன்னில் வருபவரின் முகவரி வேறு வரிசை. அந்த விதியின் ஸ்கோப் பகுதியில் விபிஎன் முகவரி வரிசையையும் சேர்த்தால் போதும். ஃபயர்வால் பாட்டுக்கு ஓடும், ஃபோல்டரும் திறக்கும்.

இன்னொன்று, வீட்டு ரூட்டரும் ஆபீஸ் ரூட்டரும் 192.168.1 என்ற முகவரி வரிசையிலேயே இருந்தால் ஆபீஸ் சர்வரைத் தேடிப் போகும் பாக்கெட் வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஆபீஸ் பக்கத்தை 10-இல் தொடங்கும் வரிசைக்கு மாற்றிவிடுங்கள், அத்தனை பேர் வீட்டு ரூட்டரையும் தொட முடியாது.

அப்புறம் பிரிண்டர். எல்லா டிராஃபிக்கையும் டனலில் விட்டு, வெளியே போகும் மற்றதைத் தடுக்கும் டிக்கையும் போட்டால் வீட்டுப் பிரிண்டர் ஊமையாகிவிடும். பாதுகாப்பு கூடுதல்தான், ஆனால் பிரிண்ட் எடுக்க ஒவ்வொரு முறையும் விபிஎன்னை நிறுத்துபவர் நாலு நாளில் அதை மறந்தே போவார். ஆபீஸ் முகவரிகளை மட்டும் டனலில் விடுகிறோம். அந்த சமரசம் எனக்குச் சரி.

சாவி லேப்டாப்பில் ஃபைலாக இருப்பதால் டிஸ்க் என்கிரிப்ஷன் கட்டாயம். லேப்டாப் தொலைந்தால், வேலையை விட்டு ஒருவர் போனால், சர்வரில் அவருடைய சாவியை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களுக்குத் தொந்தரவில்லை.

குறை என்றால், வயர்கார்டில் ஓடிபி வசதி கிடையாது. வருகைப் பதிவும் கிடையாது. கடைசியாக எப்போது தொடர்பு ஏற்பட்டது என்று மட்டும் காட்டும். நேற்று ராத்திரி யார் உள்ளே இருந்தது என்று சீனியர் கேட்டால், விண்டோஸ் இவென்ட் வியூவரில் லாகின் பதிவுக்கான எண் 4624-ஐத் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.