50-ஆ, 85-ஆ, 135-ஆ? முதலில் உங்கள் ஹாலை அளந்து பாருங்கள்

அக்கா மகன் கோலாலம்பூரில் படிக்கிறான், பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்களோடு வாடகை வீடு. போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு சோனி ஏ7 மூன்று கேமரா வாங்கிவிட்டு, இரவு பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "மாமா, போர்ட்ரெய்ட் எடுக்க 50 எம்எம் லென்ஸ் வாங்கவா, 85 வாங்கவா? கூட இருக்கிறவன் 135 மாதிரி வராதுன்னு சொல்றான்." நான் திருப்பிக் கேட்டேன்: "உங்க ஹால் எத்தனை மீட்டர்டா?" கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை. பினாங்கில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம், மணிவிழா, நிச்சயதார்த்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் நல்லதாக இருந்தும் நிற்க இடம் இல்லாமல் கெட்டுப்போன படங்கள்தான் என்னிடம் அதிகம்.

கணக்கு எளிது: எம்எம் எண் கூடக்கூட, அதே அளவு படத்துக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலையும் தோளும் மார்பு வரைக்கும் வருகிற மாதிரி ஒரு படம் எடுக்க 50 எம்எம் என்றால் ஆளிடமிருந்து சுமார் ஒரு மீட்டரில் நிற்க வேண்டும். 85 என்றால் 1.7 மீட்டர், 135 என்றால் 2.7 மீட்டர். இதுவரை பிரச்சினை இல்லை, எந்த வீட்டிலும் சமாளிக்கலாம். ஆனால் தலை முதல் கால் வரை, புடவைக் கொசுவம் கீழே விரிந்திருப்பது தெரிகிற மாதிரி முழு உருவம் வேண்டும் என்றால் 50-க்கு 2.8 மீட்டர், 85-க்கு 4.7 மீட்டர், 135-க்கு ஏழரை மீட்டர். உங்களுக்குப் பின்னால் ஒரு அடியாவது வேண்டும், ஆளுக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது வேண்டும். இப்போது நம் ஃப்ளாட்டுகளை நினைத்துப் பாருங்கள்.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃப்ளாட், மணிவிழா முடிந்து குடும்பம் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த அம்மா அரக்குப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு ஹாலில் நிற்கிறார். என் கேமராவில் 85. நான் பின்னால் போய்ப் போய் சாமி மேடையில் முதுகு இடித்தது, அப்புறம் வாசல் கதவைத் திறந்து காரிடாருக்கே போய்விட்டேன், அப்போதும் முழங்காலுக்குக் கீழே வெட்டுகிறது. அக்கம்பக்கத்தார் செருப்புகளுக்கு நடுவே குனிந்து நின்று எடுக்கும்போது அவருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. பையிலிருந்த 50-ஐ மாட்டிய பிறகுதான் அந்தப் படம் கிடைத்தது. பத்து நிமிடம் கழித்து அதே ஹாலில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து முகம் மட்டும் எடுத்தபோது 85 கொடுத்த படத்தை 50 கொடுத்திருக்காது. இரண்டு லென்ஸையும் நான் மதிப்பது இந்த ஒரு சாயங்காலத்தின் அளவில்தான்.

முகத்தில் ஏன் வித்தியாசம் வருகிறது என்பதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 85 முகத்தை அழகாக்குவதில்லை, 35 மூக்கைப் பெரிதாக்குவதும் இல்லை. நீங்கள் நிற்கிற தூரம்தான் எல்லாவற்றையும் செய்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 எம்எம்மில் மார்பளவுப் படம் எடுக்க 70 சென்டிமீட்டரில் நிற்பீர்கள், அங்கிருந்து பார்த்தால் மூக்கு காதைவிட 17 சதவீதம் பெரிதாக விழும், காது இரண்டும் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும். 50-ல் ஒரு மீட்டர், 12 சதவீதம். 85-ல் 1.7 மீட்டர், 7 சதவீதம். 135-ல் நாலரை சதவீதம்கூட இல்லை. 35-லிருந்து 85-க்குப் போகும்போது கிடைக்கிற லாபம் பெரியது, 85-லிருந்து 135-க்குப் போவதில் கிடைப்பது சொற்பம். வட்ட முகம், அகன்ற முகம் உள்ளவர்களுக்கு 135-ல் முகம் இன்னும் தட்டையாகி அகலமாகத் தெரிவதையும் பார்த்திருக்கிறேன்.

தூரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மீட்டர் என்பது கை நீட்டினால் தொடுகிற தூரம். பழக்கமில்லாத பெரியவர்கள் முன்னால் அவ்வளவு கிட்டே கேமராவோடு நின்றால் உடம்பு விறைத்துப்போகும், கன்னம் இறுகும். 1.7 மீட்டரில் சாதாரணக் குரலில் "அம்மா, பேத்தி எந்த ஸ்கூல் போறா?" என்று பேசிக்கொண்டே எடுக்கலாம், பேத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கண்ணில் வருகிற வெளிச்சம் தானாக வரும். 135-ல் முழு உருவம் எடுக்கும்போது ஏழரை மீட்டர் தள்ளி நின்று கத்த வேண்டியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே 85-ஐ நான் முதலில் வைக்கிறேன்.

சரி, பின்னணி மங்கலாவது. எல்லாரும் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் வாங்குவதே இதற்காகத்தான். எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஒரே அளவு முகம், ஒரே எஃப் 1.8 என்றால் 50 ஆனாலும் 85 ஆனாலும் கூர்மையாக இருக்கிற ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் நாலு சென்டிமீட்டர். மாறுவது தூரத்துப் பின்னணி. கோயில் வாசல் விளக்குகள் வெகு தூரத்தில் இருந்தால் 85-ல் அந்த ஒளி வட்டங்கள் 50-ஐவிட 1.7 மடங்கு பெரிதாக விழும், பார்க்கவே கொள்ளை அழகு. ஆனால் பின்னணி ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற சுவராக இருந்தால் இந்த 70 சதவீத லாபம் சுமார் 25 சதவீதமாகச் சுருங்கிவிடும். வீட்டுக்குள், ஸ்கிரீன் துணிக்கு முன்னால் எடுக்கிறவர்கள் மங்கலுக்காக மட்டும் 85-க்குப் பணம் போட வேண்டாம், அங்கே ஆளை சுவரிலிருந்து இரண்டு எட்டு முன்னால் நிற்க வைத்தாலே போதும்.

அந்த நாலு சென்டிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலோரம் எடுத்த அந்த அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: இமை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம், குங்குமத்தின் துகள்கூடத் தெரிகிறது, மூக்குத்தி மட்டும் ஒரு மங்கிய வெள்ளைப் புள்ளி. வருடக்கணக்காக அவர் கழற்றாத வைர மூக்குத்தி அது. எஃப் 2.8-க்கு இறக்கியிருந்தால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கிடைத்திருக்கும், கண்ணும் மூக்குத்தியும் இரண்டும் நின்றிருக்கும். அன்றிலிருந்து நகை போட்ட முகத்தை நான் 2.8-க்குக் கீழே எடுப்பதில்லை, கணவன் மனைவி இருவர் என்றால் 4. இதை நான் சொல்வது, 85 எஃப் 1.4 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காகத்தான். 1.4-க்கும் 1.8-க்கும் முக்கால் ஸ்டாப்புக்குக் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) குறைவான வித்தியாசம், விலையிலும் எடையிலும் அப்படி இல்லை. கேமரா கம்பெனிகளின் சொந்த 1.4 ஒன்றின் விலையில் ஒரு 1.8 லென்ஸும், ஒரு ப்ளாஷும், வெளிச்சத்தை மென்மையாக்குகிற ஒரு சாஃப்ட்பாக்ஸும் வாங்கலாம். படம் அதில்தான் மாறும்.

இனி ஒவ்வொரு கேமராவுக்கும். சோனியில் 85 எஃப் 1.8 எனக்கு மிகவும் பிடித்தது. 2017-ல் வந்தது, 371 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது, கண்ணில் ஃபோகஸ் பிடிப்பதில் தயக்கமே இல்லை. குறை, 80 சென்டிமீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, மருதாணிக் கையையும் தாலியையும் நெருக்கமாக எடுக்க முடியாது. அதே சோனியின் 50 எஃப் 1.8 விலையில் சல்லிசு, 186 கிராம், ஆனால் ஃபோகஸ் மெதுவாக, சத்தத்தோடு நகரும். உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குப் போதும், ஓடுகிற குழந்தைக்குப் போதாது. கேனானின் மிரர்லெஸ் கேமரா (ஆர்எஃப்) வைத்திருக்கிறவர்கள் நிலை வேறு. அங்கே 85 எஃப் 2 மேக்ரோ இருக்கிறது, 500 கிராம், 35 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், உள்ளேயே நடுக்கத் தடுப்பும் உண்டு. கல்யாண வேலைக்கு ஒரே லென்ஸில் முகமும் தாலியும் முடிந்துவிடும். மண்டபத்து இருட்டில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும். பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறவர்களுக்கு 1992-ல் வந்த இஎஃப் 85 எஃப் 1.8 இன்றும் நல்ல வேலைக்காரன். வெயிலில் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு விழும், 2.8-க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். நிக்கான் இசட் 85 எஃப் 1.8 எஸ் 470 கிராம், இதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமரா என்றால் இந்த அலசல் முழுக்க ஒரு படி இறங்கிவிடும். 50 போட்டால் 75 மாதிரி, கேனானில் 80 மாதிரி நடந்துகொள்ளும், அதுவே உங்கள் போர்ட்ரெய்ட் லென்ஸ், யோசிக்காமல் வாங்கலாம். சோனியிலோ ஃபுஜியிலோ சிக்மா 56 எஃப் 1.4 கிடைத்தால் இன்னும் நல்லது, சுமார் 280 கிராமில் 85-ன் வேலையைச் செய்யும். ஏபிஎஸ்-சியில் 85 மாட்டி ஃப்ளாட்டுக்குள் போனால் மேலே சொன்ன காரிடார் கதைதான்.

135-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இடம் இருக்கிறவர்களுக்கான லென்ஸ். பினாங்கு தாவரவியல் பூங்காவின் புல்வெளியில், காலை ஒன்பது மணிக்கு முன்னால், கல்யாண ஜோடிக்கு இதைப்போல ஒன்று கிடையாது. பின்னால் உள்ள மரங்கள் அப்படியே பச்சை மெழுகாக உருகும். சாம்யாங் 135 எஃப் 2 கையால் ஃபோகஸ் பண்ண வேண்டியது, 830 கிராம், அசையாத ஆளுக்கு அருமை. ஆனால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இதைக் கொண்டுபோனால் உங்களுக்கும் காவடிக்கும் நடுவே பத்துப் பேர் நடந்துகொண்டே இருப்பார்கள். அங்கே 35தான். முகத்துக்கு மிகவும் கிட்டே போகாமல், இடுப்பு வரைக்கும் கூட்டத்தோடு சேர்த்து எடுத்தால் 35-ல் முகம் கோணாது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு வெளியூரிலிருந்து வந்து எடுக்கிறவர்கள் செய்கிற ஒன்று எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். குயின் தெருவில் 1833-ல் தொடங்கிய மாரியம்மன் கோயிலின் கோபுரம் பின்னால் நிற்கும், பக்கத்துக் கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதையில் பழைய பூத்தரை ஓடுகள் கிடக்கும், பூக்கடையில் மாலை தொங்கும், இவ்வளவையும் 85 எஃப் 1.8-ல் ஒரே குழம்பாக்கிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படத்தை எந்த ஊரிலும் எடுக்கலாமே. அங்கே 50-ஐ எஃப் 4-ல் வைத்து, ஆளை அஞ்சடி நிழலுக்குள் தெருப் பக்கம் பார்க்க நிற்க வைத்துப் பாருங்கள். நம் ஊரில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே விழும், கண்குழி கறுத்துப்போகும். அந்த நடைபாதைக் கூரை வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து மட்டும் உள்ளே விடுகிறது, கருமையான தோலில் அது விழுகிற விதம் எந்த ஸ்டூடியோ விளக்குக்கும் குறைந்ததில்லை. வெயிலில்தான் எடுப்பேன், 1.8-ல்தான் எடுப்பேன் என்றால் ஐஎஸ்ஓ 100-லேயே ஷட்டர் 1/8000 கேட்கும், பல கேமராக்கள் 1/4000-ல் நின்றுவிடும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கைபேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் ஒருவரிடமிருந்து 85 வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்ய ஆன செலவையும் சேர்த்தால் புதிதே வாங்கியிருக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் துணிக்கு நடுவே லென்ஸ் வைத்தால் இதுதான் நடக்கும். ட்ரை கேபினெட் இல்லாவிட்டாலும் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

மறுநாள் மருமகன் டேப் வைத்து அளந்து அனுப்பினான்: ஹால் 3.2 மீட்டர். அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தான், வீட்டுக்குள் எடுக்கப்போவதில்லையாம், பட்டமளிப்பு நேரத்தில் நண்பர்களை வளாகத்தில் தனித்தனியாக எடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று எண்ணமாம். அப்படியென்றால் 85 எஃப் 1.8 வாங்கு என்றேன். "ஃபேமிலியோட நிக்கணும்னு கேட்டா மாமா?" ஆறு பேர் வரிசையாக நின்றால் மூன்று மீட்டர் அகலம், 85-க்கு ஏழு மீட்டர் பின்னால் போக வேண்டும், பட்டமளிப்பு நாள் கூட்டத்தில் அது நடக்காது. என்னிடம் சும்மா கிடக்கிற பழைய சோனி 50-ஐ அடுத்த வாரம் அக்கா கோலாலம்பூர் போகும்போது கொடுத்துவிடுகிறேன். குடும்பப் படத்துக்கு யாரும் ஓடப்போவதில்லை, அதன் மெதுவான ஃபோகஸ் போதும்.