படம் வரையும் இயந்திரமும் ஓவியருக்குரிய காசும்: எந்த வழி யாழ்ப்பாணம் வரை வரும்?

திருமண அழைப்பிதழ், திருவிழாப் பதாகை, நூல் அட்டை என்று யாழ்ப்பாணத்து அச்சகங்களில் செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் புழங்கத் தொடங்கிவிட்டன. அவற்றை வரையும் இயந்திரங்கள் பழகுவது மனிதர் வரைந்த படங்களைக் கொண்டே. அப்படங்களின் ஓவியர்களுக்கு ஊதியம் சேர வேண்டும் என்பதைப் பலர் ஒப்புக்கொள்கின்றனர். எவ்வாறு சேர்ப்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. இங்கிருந்து வரையும் ஒருவரின் கைக்குக் காசு வந்து சேருமா என்ற கேள்வியை வைத்தே அவ்வழிகளை இங்கு ஒப்பிடுகிறேன்.

நடைமுறையில் முந்தியிருப்பது, பலரது படங்களைச் சேர்த்து விற்கும் படக் களஞ்சிய நிறுவனங்களின் வழி. சட்டர்ஸ்டொக் 2022 ஒக்ரோபரில் பங்களிப்பாளர் நிதியொன்றை அறிவித்தது. அடோபி 2023 மார்ச்சில் ஃபயர்ஃபிளை என்ற படம் வரையும் இயந்திரத்தை வெளியிட்டு, செப்டெம்பரில் தன் களஞ்சியத்துக்குப் படம் கொடுத்தோருக்கு முதல் ஊக்கத்தொகையை வழங்கியது. இணையத்தில் கிடைத்த 585 கோடிப் படங்களின் இணைப்புகளை எவரையும் கேளாமல் திரட்டிய லயன்-5பி தரவுத்தொகுப்போடும், அதன் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற இயந்திரத்தோடும் ஒப்பிடுகையில் இது எவ்வளவோ மேல். ஆயினும் அடோபியின் தொகை, ஒருவரது படங்கள் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை முறை விற்பனையாயின என்பதைக் கொண்டே கணிக்கப்பட்டது. இயந்திரம் அவற்றால் எவ்வளவு பயனடைந்தது என்பது அக்கணக்கில் இல்லை. பயிற்சிக்கெனத் தனியாகச் சம்மதமும் கேட்கப்படவில்லை. பழைய ஒப்பந்த வாசகமே போதுமெனக் கொள்ளப்பட்டது. ஃபயர்ஃபிளையின் பயிற்சிப் படங்களில் ஏறத்தாழ 5 வீதம் வேறு இயந்திரங்கள் வரைந்தவை என்பதும் 2024இல் வெளிவந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், தேர்ச்சீலை எழுதுபவரோ பெயர்ப்பலகை வரைபவரோ அக்களஞ்சியங்களில் இல்லை. இருக்கும் சில புகைப்படக்காரருக்கும் வடிவமைப்பாளருக்கும், பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையில் நெடுங்காலமாக இல்லாதிருந்ததே தனித் தலையிடி.

உருவாகும் ஒவ்வொரு படத்துக்கும் எந்தெந்த மூலப்படங்கள் எவ்வளவு பங்களித்தன என்று கணித்து, அதற்கேற்பப் பகிர்ந்தளிப்பது இன்னொரு வழி. பிரியா என்ற நிறுவனம் இவ்வாறு செய்வதாகக் கூறுகிறது. கேட்பதற்கு இதுவே மிக நியாயமாகப்படும். ஆனால் பயிற்சி முடிந்த மாதிரிக்குள் (படம் வரையும் இயந்திரத்தின் மென்பொருளை இவ்வாறு அழைப்பர்) மூலப்படங்கள் தனித்தனியே அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றிலிருந்து கற்ற எண்கள் மட்டுமே எஞ்சுகின்றன. ஆகவே பங்களிப்பு என்று காட்டப்படுவது மின்மானி வாசிப்பைப் போன்ற அளவீடன்று, ஒற்றுமையைக் கொண்டு செய்யும் மதிப்பீடே. அம்மதிப்பீட்டை ஓவியர் தாமே சரிபார்க்க முடியாதவரை, அதன் துல்லியத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பொது அறவீட்டை முன்வைப்போரும் உள்ளனர். வீட்டில் பிரதியெடுப்பதற்கு ஈடாக ஒலிப்பதிவுக் கருவிகள்மீது ஜேர்மனி 1965இல் விதித்த அறவீட்டைப் போல, இயந்திரங்களை விற்போரிடம் வசூலித்து, படைப்பாளிகளின் உரிமைச் சங்கங்கள் வழியாகப் பகிரலாம் என்பது அவர்களது வாதம். படக் களஞ்சியங்களில் இல்லாதவருக்கும் இதில் இடமுண்டு என்றாலும், வசூலாகும் நாட்டிலிருந்து இங்கு பணம் வர, இருபுறமும் செயற்படும் சங்கங்கள் வேண்டும். அத்தோடு யார் வரைந்தது என்பதும் தெரிய வேண்டும். நூலகம் என்ற இணையத்தளத்தில் மின்வடிவில் கிடைக்கும் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளின் அட்டைகளைப் பார்த்தால், ஓரத்தில் ஒற்றை எழுத்தையோ சுருக்கொப்பத்தையோ மட்டும் இட்டுச் சென்றவர்கள் உண்டு. அதுவும் இடாதவர்களும் உண்டு.

எனது தெரிவு, ஓவியரும் அச்சகமும் தம்மிடையே செய்துகொள்ளும் நேரடி ஒப்பந்தம். நல்லூர்த் திருவிழாவுக்குப் பதாகை கேட்டால், பொது மாதிரிகள் மயிலேறிய ஆறுமுகனை எளிதாக வரைந்துவிடும். அங்கே மூலத்தானத்தில் இருப்பது வேல் என்பதை அவை அறியா. கோபுரமும் தமிழ்நாட்டுக் கோயிலொன்றின் சாயலில் வந்து நிற்கும். இக்குறையைத் தீர்க்க இலட்சக்கணக்கான படங்கள் வேண்டியதில்லை; உள்ளூர் ஓவியர் சிலரின் சில பத்துப் படங்களைக் கொண்டு பெரிய மாதிரியோடு சேர்த்து இயக்கும், லோரா எனப்படும் சிறு இணைப்புக் கோப்பொன்றைப் பயிற்றலாம். ஓவியர்கள் எண்ணக்கூடிய அளவிலேயே இருப்பதால் கணக்குச் சிக்கலாகாது: படத்துக்கு முன்பணம், அச்சாகும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பங்கு, வேறொருவருக்குக் கோப்பைக் கைமாற்றத் தடை. பெரிய மாதிரி ஒருமுறை கற்றதை மறக்கச் செய்வது மிகக் கடினம். இக்கோப்போ தனியாக இருப்பதால், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அழித்துவிட முடியும். சம்மதத்தை மீளப்பெறும் உரிமை வெறும் வாசகமாக நின்றுவிடாதிருப்பது இவ்வழியில்தான். மறைந்த ஓவியரின் படமாயின் வாரிசுகளோடு பேச வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆயுட்காலத்துக்குப் பின்னரும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது.

இதிலும் ஓட்டையுண்டு. இணைப்புக் கோப்பு தனியே இயங்காது. அது ஏறி நிற்கும் பெரிய மாதிரி, காசு கொடாத படங்களில் கற்றதாயின், இங்குள்ள பத்துப் பேருக்குக் கொடுத்து அங்குள்ள இலட்சம் பேரை விட்டதாகிவிடும். எனவே உரிமம் பெற்ற படங்களில் மட்டும் பயின்ற மாதிரியையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்பதையும், அதன் பெயரையும், ஒப்பந்தத்தின் முதல் பந்தியிலேயே எழுதும்படி ஓவியர் கேட்கலாம். அதற்கு இணங்காத அச்சகத்துக்குப் படங்களைக் கொடாதிருப்பதே நல்லது.