கரை மண்ணின் வலிமையை எதனால் அளப்பது?

யாழ்ப்பாணத்து வழுக்கையாறு அராலியில் கடனீரேரியோடு சேரும் பகுதியில் கரை மண் மாரியில் ஊறிக் கோடையில் காய்ந்து வெடிக்கிறது. இவ்வாறான கரைக்குச் சீமெந்தோ சுண்ணாம்போ கலந்து இறுக்கிய மண்ணைக் காப்பாக இடுவதாயின், அது வேண்டிய வலிமையை அடைந்துவிட்டதா என்று அறிய மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: ஆய்கூடத்தில் நசுக்கும் உருளை மாதிரி, மண்ணில் கையால் அழுத்திப் பார்க்கும் கையடக்க ஊடுருவல் மானி, டீசிபி எனப்படும் சம்மட்டிக் கூம்பு மானி.

ஒப்பந்தப் பத்திரத்தில் எழுத எளிதானது உருளை மாதிரியே. 7 நாளில் இவ்வளவு, 28 நாளில் இவ்வளவு என்று கிலோபஸ்காலில் எண் கிடைத்துவிடும். ஆனால் அச்சில் அடித்துப் பொலித்தீனில் சுற்றி நிழலில் பதப்படுத்திய மாதிரி, இயந்திரம் ஏற முடியாத சரிவில் கைத்திமிசால் இடித்த மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. கரையிலேயே துளைத்தெடுத்த மாதிரிகளிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. கலவை சரியாகச் சேராத மண் துளைக்கும்போதே உதிர்ந்துவிடுவதால், நசுக்குவதற்கு வந்து சேர்பவை நல்ல துண்டுகள் மட்டுமே. உதிர்ந்தவற்றைக் குறிக்காத அறிக்கை, கரையை உள்ளதிலும் வலியதாகக் காட்டும்.

கையடக்க மானியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் அளவுகோல் சதுர சென்ரிமீற்றருக்கு 4.5 கிலோகிராமோடு, அதாவது ஏறத்தாழ 440 கிலோபஸ்காலோடு முடிகிறது; நன்கு இறுகும் சீமெந்து மண் சில நாட்களிலேயே அதைத் தாண்டிவிடும். இட்ட முதல் நாளில் கலவை எங்கே பிசகியது என்று தேட அது உதவும். அதற்குப் பின்னர், அலவாங்கால் குத்திப் பார்க்கும் அனுபவமுள்ள வேலையாளின் கை அதைவிடக் குறைந்ததன்று.

என் தெரிவு டீசிபி. 8 கிலோகிராம் சம்மட்டி 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழ, 60 பாகைக் கூம்பு ஒருமுறை அடிக்க எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று குறிப்பதால், மேற்தோல் மட்டும் இறுகி உள்ளே மண் இளகிக் கிடப்பதை இது காட்டிக்கொடுக்கும். மின்சாரம் வேண்டியதில்லை, மூவர் போதும். எனினும் வீதி வேலைக்கென வளர்ந்த கருவியைச் சரிவுக்குக் கொண்டுவரும்போது கவனம் தேவை. கம்பு செங்குத்தாகவே இறங்க வேண்டும் என்பதால், கிடையாக 1.5 இற்கு நிலைக்குத்தாக 1 என்ற சரிவில் 300 மில்லிமீற்றர் தடிப்புள்ள படை கம்பில் 360 எனத் தெரியும். இதைத் திருத்தாதவர் படை தடிப்பாக இருப்பதாக எண்ணி மகிழ்வார். நம் மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லில் கூம்பு முட்டினால் கிடைப்பது கல்லின் வலிமையே. 5 முறை அடித்தும் 2 மில்லிமீற்றர்கூட இறங்காவிட்டால் அங்கே நிறுத்தி, சற்றுத் தள்ளிக் குத்த வேண்டும். இறக்கத்தை வலிமையாக மாற்றும் வீதிச் சூத்திரங்களையும் அப்படியே எடுக்கலாகாது. அதே கலவையில் செய்த சில உருளைகளை நசுக்கி, அந்த இடத்துக்குரிய தொடர்பை முதலில் கண்டறிய வேண்டும். உருளை மாதிரியை நான் முற்றாகத் தள்ளாததற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கருவியாயினும் காய்ந்த மண்ணில் எடுத்த அளவு கரைக்குப் பயன்படாது. மாரிக்கு முன் குத்திய இடத்தின் அருகிலேயே, வெள்ளம் வடிந்தும் ஈரம் வற்றாத தை மாதத்தில் மீண்டும் குத்த வேண்டும். சீமெந்து மண் நாளாக நாளாக இறுக வேண்டியது; இறக்கம் கூடியிருந்தால் நீர் அதைக் குலைக்கிறது என்று பொருள். உவர் நீரிலுள்ள சல்பேற்று, சுண்ணாம்போடும் களியோடும் சேர்ந்து வீங்கும் தாதுவை உண்டாக்கக்கூடுமாதலால், கடனீரேரி ஓரத்தில் இந்த இரண்டாம் அளவை விடவே கூடாது. குத்தும் இடங்களில் பாதியையாவது நீர்மட்டம் ஏறி இறங்கும் ஒடுங்கிய பட்டையில் வைக்க வேண்டும். அடிக்கரை அரித்துப்போனால், மேற்கரை எவ்வளவு நல்ல அளவு காட்டியிருந்தாலும் சரிந்துவிடும்.