எலிப்பத்தாயம்: ஐந்து பேர் சேர்ந்து பார்த்த படம்

அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ 1981இல் வந்த மலையாளப் படம். பல ஆண்டுகளுக்கு முன் அதைத் தனியாகப் பார்த்தபோது, நகரவே மாட்டேன் என்கிறதே என்று பாதியில் நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தோம். இரண்டு மணி நேரப் படம் முடிந்த பிறகு, அதைவிடக் கூடுதலான நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இந்தப் படத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

சிதைந்துவரும் ஒரு நாயர் தறவாட்டில், அதாவது பரம்பரைக் கூட்டுக் குடும்ப வீட்டில், உண்ணி என்ற நடுவயதுக்காரரும், மணமாகாத தங்கைகள் ராஜம்மாவும் ஸ்ரீதேவியும் வாழ்கிறார்கள். மணமாகிப் போன மூத்த சகோதரி ஜானம்மா வந்து தன் பங்கைக் கேட்கிறாள். கதை என்று சொல்ல இவ்வளவுதான். ஆனால் முற்றத்தில் புகுந்த மாட்டை விரட்டக்கூட அடுக்களையில் வேலையாக இருக்கும் ராஜம்மாவைக் கூப்பிடுகிற உண்ணியை, கல்யாணத்துக்குப் புறப்பட்டு வழியில் சேறு தேங்கியிருப்பதைக் கண்டதும் வீடு திரும்பிவிடுகிற உண்ணியை, கரமன ஜனார்த்தனன் நாயர் நடித்திருக்கும் விதத்தில் நம்மால் முழுமையாக வெறுக்க முடிவதில்லை.

எங்கள் விவாதம் தொடங்கியதும் அங்கேதான். பாகப்பிரிவினை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நண்பர், உண்ணியைச் சோம்பேறி என்று சொல்லி முடித்துவிடக் கூடாது என்றார். கேரளத்தில் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் நடைமுறைக்கு வந்தது. உழைக்காமல் அதிகாரம் செய்யவே வளர்க்கப்பட்ட ஓர் ஆணுக்கு, அந்த அதிகாரத்தின் அடித்தளம் போன பின் எழுந்து நிற்கவே தெரியவில்லை என்பது அவர் வாதம். நாஞ்சில் நாட்டில், சொத்து பெண்வழியில் மருமக்களுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பத்தில் வந்த தோழி அதை ஏற்கவில்லை. “உண்ணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ராஜம்மா எத்தனை முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், யாராவது கவனித்தீர்களா?” என்று கேட்டார். ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. உண்ணி கவனிக்காத வலியை நாங்களும் கவனிக்காமல் விட்டிருந்தோம். குரலை உயர்த்தாமல், குனிந்த தலையாலும் தளர்ந்த நடையாலுமே அந்த வலியைச் சொல்லிச் செல்லும் சாரதாவின் நடிப்புக்காகவே அந்தக் காட்சிகளை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம்.

அந்தத் தோழி இன்னொன்றையும் சொன்னார். அவருடைய ஆச்சி வீட்டில் பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி. மலையாளத்தில் அதோடு எலியைச் சேர்த்தால் எலிப்பொறி ஆகிவிடுகிறது. மருமக்கள்வழிக் குடும்பங்களின் அவலத்தைக் கவிமணி மான்மியமாகப் பாடிய மண்ணில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, அந்தத் தறவாடு எல்லைக்கு அப்பால் இருப்பதாகவே தோன்றவில்லை.

அடூரின் முதல் வண்ணப் படம் இது. ராஜம்மாவுக்கு நீலம், ஸ்ரீதேவிக்குச் சிவப்பு, ஜானம்மாவுக்குப் பச்சை என்று நிறங்கள் பிரிந்து நிற்பதை ஓவிய ஆசிரியரான நண்பர் சொன்ன பிறகுதான் கண்டேன். மங்கட ரவி வர்மாவின் ஒளிப்பதிவில் பகலில்கூட வீட்டுக்குள் இருள் தங்கியிருக்கிறது. எம்.பி. சீனிவாசனின் இசை அளவோடு வந்து போவதால் மற்ற ஓசைகளெல்லாம் தெளிவாகக் காதில் விழுகின்றன. பொறியில் அகப்பட்ட எலியை ஸ்ரீதேவி குளத்துக்குக் கொண்டுபோய் மூழ்கடிக்கும் காட்சிக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அது எதற்காக என்பது கடைசியில் புரிகிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது ஸ்ரீதேவியின் பாத்திரம். அந்த வீட்டிலிருந்து தானாக வெளியேறத் துணிந்தவள் அவள் ஒருத்தி. ஆனால் அவள் மனம் நமக்குத் திறக்கப்படுவதே இல்லை. பொறியைப் பற்றிய படம் தப்பியவள் பின்னால் ஏன் போக வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டார். எனக்கு அது போதவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல பிரதியாகத் தேடி எடுங்கள். எங்களுக்குக் கிடைத்ததில் திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்துகள் வசனத்துக்குப் பின்தங்கி வந்ததால், மலையாளம் தெரிந்த தோழிதான் பல இடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் அவர் தன் அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பார்க்கப்போகிறார். எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்.